பழைய பெயரும் புதிய சரக்கும்

நம் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி பையிலிருந்து ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைப்பார். "அண்ணாச்சி, சரக்குதான் புதுசு, பேரு பழசு. எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச பேரு. பேரைச் சொன்னாலே போயிடும். பத்துப் பெட்டி எழுதிக்கட்டுமா?" என்பார். மசாலாவில் பெயரெடுத்த கம்பெனி ஊறுகாய் கொண்டு வரும். ஊறுகாயில் பெயரெடுத்த கம்பெனி சேமியா கொண்டு வரும். முப்பது வருஷத்துக்கு முன் நின்றுபோன சோப்பு, அதே பழைய உறையுடன் திரும்பி வரும். பத்துப் பெட்டியா, இரண்டு பெட்டியா, வேண்டவே வேண்டாமா என்று அந்த இடத்திலேயே நாம் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த முடிவை எப்படி எடுப்பது என்பதற்கு நல்ல பாடம் வைத்திருக்கும் தொழில் ஒன்று உண்டு. அது வீடியோ கேம் தொழில். அரிசி, பருப்பு விற்கும் நமக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். பழைய பெயரை வைத்துப் புதுச் சரக்கை விற்பதையே பெரும் பிழைப்பாகக் கொண்ட தொழில் அது. எது விற்றது, எது கிடங்கில் தூங்கியது, கடைக்காரர்கள் எங்கே கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்பதற்கு நாற்பது ஆண்டுக் கணக்கு வெளிப்படையாகக் கிடக்கிறது. அடுத்தவர் கொடுத்த விலையில் நாம் பாடம் படித்துக்கொள்ளலாம்.

சரக்கின் தன்மை

தொண்ணூறுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் டி.வி.யோடு இணைத்து, கேசட் ஒன்றைச் செருகி விளையாடிய பெட்டி பலருக்கும் நினைவிருக்கும். சிவப்புத் தொப்பியும் மீசையுமாக ஒரு குள்ள மனிதர் குதித்துக் குதித்து ஓடுவார். அவர் பெயர் மரியோ. ஜப்பானின் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனியின் சரக்கு. 1889-ல் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி அது. நம் ஊரில் அன்று விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தக் கம்பெனிப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள்தான்.

கேம் வியாபாரத்துக்கும் நம் வியாபாரத்துக்கும் மூன்று ஒற்றுமைகள் உண்டு. முதலாவது, வாங்குபவர் உள்ளே இருப்பதைச் சுவைத்துப் பார்த்து வாங்க முடியாது. அட்டையில் இருக்கும் பெயரையும் படத்தையும் நம்பித்தான் காசு கொடுக்கிறார். இரண்டாவது, கடைக்காரர் அதற்கும் முன்பே, வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமலேயே, ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, பிரித்த சரக்கு திரும்பி வந்தால் பழைய விலைக்குப் போகாது.

இப்படிப்பட்ட சரக்கில் பெயருக்கு மதிப்பு அதிகம். ஒரு கேம் நன்றாக விற்றால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும். அவை நேர் வாரிசுகள். அதே பாத்திரங்களை வைத்துக்கொண்டு வேறு வகை ஆட்டமும் வரும். ஓடிக் குதித்தவர் கார் ஓட்டுவார், டென்னிஸ் ஆடுவார். இதை நாம் கிளைச் சரக்கு என்று சொல்லிக்கொள்வோம். சிறு வயதில் விளையாடியவர் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும், "அந்தக் காலத்துச் சரக்கு திரும்ப வந்திருக்கிறது" என்று கம்பெனி ஆசை காட்டும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். அந்த மணம் எத்தனை நாளைக்கு என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

சரக்கு முதலில், பெயர் பிறகு

நன்றாக நடந்த கிளையிலிருந்து தொடங்குவோம். மரியோ முதலில் வந்தது 1981-ல், டாங்கி காங் என்ற கேமில். அப்போது அவருக்கு மரியோ என்ற பெயர்கூட இல்லை. 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 4 கோடிப் பிரதிகள் விற்று அவரை உலகத்துக்கே அறிமுகம் செய்தது. 1992-ல் சூப்பர் மரியோ கார்ட் வந்தது. இது கார் பந்தயம். குதித்து ஓடும் ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் 80 லட்சத்துக்கு மேல் விற்றது. 2017-ல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 6 கோடியைத் தாண்டிவிட்டது. கிளை, அடிமரத்தை விடப் பெரிதாகப் படர்ந்துவிட்டது.

இது எப்படி நடந்தது? அந்தக் கேம் உருவான விதத்தைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓட்டும்படியான ஒரு பந்தய ஆட்டத்தைச் செய்வதுதான் முதல் நோக்கம். வேலை தொடங்கிச் சில மாதங்கள் கழித்துத்தான் வண்டியில் மரியோவை உட்கார வைத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. முதலில் சரக்கு, பிறகு பெயர். மரியோவை எடுத்துவிட்டு வேறொரு பொம்மையை வைத்திருந்தாலும் அது நல்ல பந்தய ஆட்டமாகவே இருந்திருக்கும். பெயர் செய்த வேலை, கடைக்கு வந்தவரை நிறுத்தி எடுத்துப் பார்க்க வைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவரைத் திரும்பத் திரும்ப விளையாட வைத்தது சரக்கின் குணம்.

பெயர் முதலில், சரக்கு பிறகு

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் அட்டாரி கம்பெனியுடையது. 1982-ல் அந்நாட்டு வீடுகளில் அட்டாரி பெட்டிதான் ராஜா. காசு போட்டு விளையாடும் கூடங்களில் பாக்-மேன் என்ற ஜப்பானியக் கேம் சக்கைப்போடு போட்டது. அதன் பெயரை வாங்கி வீட்டுப் பெட்டிக்கான கேசட்டாக 1982 மார்ச்சில் அட்டாரி கொண்டு வந்தது. 70 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் பெட்டிக்கு வந்த கேசட்டுகளிலேயே அதிகம் விற்றது அதுதான். ஆனால் வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். படம் மினுக்கியது, நிறம் வேறு, சத்தம் வேறு. கூடத்தில் பார்த்த ஆட்டம் இது இல்லை என்று பேச்சு பரவியது. விற்பனைக் கணக்கு ஏறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு ஜூனில் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. திரைப்படம் வெளியாகி ஊரெல்லாம் ஓடியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் அதைக் கேசட்டாகக் கொண்டு வர வேண்டும் என்று அட்டாரி முடிவு செய்தது. உரிமைக்கான பேச்சு ஜூலைக் கடைசியில்தான் முடிந்தது. சாதாரணமாகப் பல மாதம் பிடிக்கும் வேலையை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் சுமார் ஐந்து வாரத்தில் செய்து கொடுத்தார். அவர் திறமைசாலி. அதற்கு முன் செய்த கேம்களில் பெயரெடுத்தவர். ஐந்து வாரத்தில் எவராலும் செய்யக்கூடியது அவ்வளவுதான். கையில் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன. சரக்கை அவற்றுக்குள் அடைக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர்கள் படத்தின் பெயரைப் பார்த்து ஆர்டர் கொடுத்தார்கள். பண்டிகைக்குப் பிறகு சரக்கு தேங்கியது, திரும்பியது. இதே நேரத்தில் சிறு கம்பெனிகள் பலவும் கேசட் செய்து சந்தையில் கொட்டியிருந்தன. அவற்றில் பல மூடிப்போனதால், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளவோ பணத்தைக் கொடுக்கவோ ஆள் இல்லை. 30 டாலருக்கு மேல் விலை போட்ட கேசட்டுகளைக் கடைக்காரர்கள் வாசலில் தொட்டியில் கொட்டி, 5 டாலருக்கும் அதற்குக் கீழும் தள்ளினார்கள். ஐந்து டாலருக்குக் கேசட் கிடைக்கும்போது முப்பது டாலர் கொடுத்து நல்ல கேசட்டை யார் வாங்குவார்? கெட்ட சரக்கு தன்னோடு நல்ல சரக்கையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.

1983-ல் அட்டாரிக்கு 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அந்த ஆண்டு செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் விற்காத கேசட்டுகளை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வெறும் வதந்தி என்று பலர் நினைத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டியபோது ஈ.டி. உட்படப் பல கேசட்டுகள் வெளியே வந்தன. அமெரிக்காவில் 1983-ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வீட்டு வீடியோ கேம் விற்பனை, 1985-ல் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியதாகக் கணக்குச் சொல்வார்கள். ஈ.டி. ஒன்றினால் மட்டும் இவ்வளவும் நடக்கவில்லை. அளவு மீறிய உற்பத்தி, தரமில்லாத சரக்கு, விலை குறைந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களின் போட்டி எல்லாம் சேர்ந்தன. ஆனால் பெயரை மட்டும் நம்பி ஆர்டர் கொடுத்தால் கடையில் என்ன மிஞ்சும் என்பதற்கு அதை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கடைக்காரரைத் திரும்ப வரவழைத்த விதம்

அதற்குப் பிறகு அமெரிக்கக் கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டாலே கையை விரித்தார்கள். அந்த நேரத்தில்தான், 1985 அக்டோபரில், நின்டெண்டோ தன் பெட்டியை நியூயார்க் நகரத்துக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொல்லிப் பெட்டியை விற்க முடியாது. அதனால் அந்தக் கம்பெனி ஒரு நிபந்தனையை முன்வைத்தது. "சரக்கை நாங்கள் கொண்டு வந்து அடுக்குகிறோம். 90 நாள் வரை பணம் வேண்டாம். விற்றதற்கு மட்டும் கொடுங்கள், மிஞ்சியதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்றது. தன் சரக்கில் நம்பிக்கை உள்ளவர்தான் இப்படிப் பேச முடியும்.

அதோடு விடவில்லை. மற்றக் கம்பெனிகள் தன் பெட்டிக்குக் கேம் செய்ய வேண்டுமானால் ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் கொண்டு வரக்கூடாது என்று வரம்பு கட்டியது. அனுமதி இல்லாத கேசட் பெட்டியில் ஓடாதபடி ஒரு சிப் வைத்தது. அட்டையில் தன் முத்திரையையும் பதித்தது. அந்தக் கட்டுப்பாடு கடுமையானது என்று பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் கடையின் அலமாரியில் குப்பை சேராமல் காத்தது அதுதான். இன்று எல்லோரும் ஏங்கிப் பேசும் பழைய நினைவுகள் அந்த அலமாரியில் விளைந்தவை.

நினைவையே பெட்டியில் அடைத்தபோது

இனி அண்மைக் கதைக்கு வருவோம். 1985-ல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2016-ல் நாற்பதுக்கு மேல். கையில் காசு உண்டு, சின்ன வயது ஆசையும் உண்டு. 2016 நவம்பரில் நின்டெண்டோ தன் பழைய பெட்டியை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கி, 30 பழைய கேம்களை உள்ளேயே வைத்து, 60 டாலருக்குக் கொண்டு வந்தது. வந்த அன்றே தீர்ந்தது. சரக்கு போதாமல், வாங்கி வைத்திருந்தவர்கள் பல மடங்கு விலைக்கு வெளியே விற்றார்கள். 2017 ஏப்ரலில் நிறுத்தும்போது சுமார் 23 லட்சம் விற்றிருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாமல் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். 2018 ஜூனில் மறுபடியும் கொண்டு வந்தார்கள்.

இதைப் பார்த்த சோனி கம்பெனியும் அதே வழியில் போனது. அதன் முதல் பிளேஸ்டேஷன் பெட்டி ஜப்பானில் வெளிவந்தது 1994 டிசம்பர் 3. மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. 2018-ல் அதே டிசம்பர் 3-ஆம் தேதி அதன் சிறு வடிவத்தை 20 கேம்களுடன் 100 டாலருக்குக் கொண்டு வந்தது. பெயர் பெரிது, தேதிப் பொருத்தமும் இருந்தது. ஆனால் வாங்கிப் பார்த்தவர்கள் குறைகளை அடுக்கினார்கள். பல பேர் எதிர்பார்த்த கேம்கள் அந்த இருபதில் இல்லை. இருந்தவற்றில் ஒன்பது, ஐரோப்பிய டி.வி.க்காகச் செய்த பதிப்புகள். அமெரிக்கக்காரர்கள் பழகிய வேகத்தை விட அவை மெதுவாக ஓடின. உள்ளே ஓடிய மென்பொருளும் வெளியில் இலவசமாகக் கிடைப்பதுதான். அந்த மாதம் முடிவதற்குள் 60 டாலருக்கு இறங்கியது. சில மாதங்களில் 40 டாலருக்கும் அதற்குக் கீழும் போனது. முழு விலையில் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்த கடைக்காரர்களின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டு கம்பெனிகளும் வைத்தது பழைய பெயரைத்தான். ஒரு கம்பெனி, தன் வாடிக்கையாளருக்கு எது நினைவிருக்கிறது என்று தேடிப் பொறுக்கிக் கொடுத்தது. மற்றக் கம்பெனி, பெயர் இருக்கிறதே என்று கைக்கு வந்ததை உள்ளே வைத்தது. பழையதை நேசிப்பவர்தான் அதில் வந்த சின்னக் குறையையும் முதலில் கண்டுபிடிப்பார். அம்மா கை ரசத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவரிடம் ரசப்பொடி விற்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும்.

கிளை ஒடிந்து அடிமரத்தில் விழுந்தால்

தவறான கிளை தானும் விற்காது, தாய்ச் சரக்கின் பெயரையும் கெடுக்கும். சேகா கம்பெனியின் சோனிக் இதற்கு உதாரணம். 1991-ல் வந்த நீல நிற முள்ளெலி அது. மரியோவுக்குச் சரியான போட்டி. பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்காக 2006-ல் ஒரு கேம் கொண்டு வந்தார்கள். பண்டிகைத் தேதியைப் பிடிக்க அவசரப்பட்டு, குறைகளைத் தீர்க்காமல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும், நடுவில் ஆட்டம் கெடும். அந்தப் பெயரில் வந்தவற்றில் மோசமானவை என்று பேசுவோர் இன்றும் முதலில் சொல்வது அதைத்தான்.

2010-ல் சேகா துணிச்சலான காரியம் ஒன்று செய்தது. விமர்சனத்தில் மதிப்பெண் குறைந்த பழைய சோனிக் கேம்களைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நல்ல சரக்குக்குப் பக்கத்தில் கெட்ட சரக்கு இருந்தால் வாங்குபவர் எதை எடுப்பார் என்று தெரியாது, எடுத்தது கெட்டதானால் பெயர் மொத்தமும் போகும் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கு நம் அலமாரிக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனாலும் பாடம் முழுதாகப் பதியவில்லை. 2014-ல் சோனிக் பூம் என்ற கிளை வந்து மறுபடியும் பெயரைக் கெடுத்தது. திருப்பம் 2017-ல் வந்தது. சோனிக் மேனியா என்ற கேம். செய்தவர்கள் பெரிய நிறுவனத்து ஆட்கள் இல்லை. சோனிக் மேல் உள்ள பிரியத்தால் தாங்களாகவே அதுபோன்ற கேம்களைச் செய்து பழகிய இளைஞர்கள். அவர்களில் முதன்மையான கிறிஸ்டியன் வைட்ஹெட் ஆஸ்திரேலியாக்காரர். சேகா அவர்களைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தது. விலை 20 டாலர்தான். பல ஆண்டுகளாகச் சோனிக் பெறாத பாராட்டைப் பெற்று 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அதே ஆண்டு நவம்பரில் சேகாவே 40 டாலர் விலையில் கொண்டு வந்த சோனிக் ஃபோர்சஸ் அந்த அளவு பாராட்டைப் பெறவில்லை. ஒரே பெயர், ஒரே ஆண்டு, பாதி விலைச் சரக்கு முன்னே போனது. விலையும் விளம்பரமும் தரத்துக்குச் சாட்சி ஆகா என்பதற்கு இதைச் சொல்லலாம்.

கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றாலும் வாடிக்கையாளர் மனம் முறியும். நின்டெண்டோவின் மெட்ராய்டு வரிசை 1986-ல் தொடங்கியது. 2010-க்குப் பிறகு புதிதாக எதுவும் வராமல் ரசிகர்கள் காத்துக் கிடந்தார்கள். 2015-ல் கம்பெனி அறிவித்தது ஒரு கிளையை. சேமஸ் என்ற கதாநாயகியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பெயர் தெரியாத வீரர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆடும் ஆட்டம். அதை நிறுத்தச் சொல்லி 20,000-க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2016 ஆகஸ்டில், அந்த வரிசையின் முப்பதாம் ஆண்டில், அது வெளியானது. ஜப்பானில் முதல் வாரம் 5,000 பிரதிகள்கூட விற்கவில்லை. மக்கள் உண்மையில் கேட்டதை 2021-ல் மெட்ராய்டு டிரெட் என்ற பெயரில் கொடுத்தபோது, அந்த வரிசையிலேயே நன்றாக விற்றவற்றுள் ஒன்றாக அது நின்றது.

மூலக் கைக்காரர் போன பிறகு பெயரை மட்டும் வைத்து விற்ற கதையும் உண்டு. மெட்டல் கியர் வரிசையை 1987 முதல் வளர்த்தவர் ஹிடேயோ கோஜிமா. அவர் 2015-ல் கொனாமி கம்பெனியை விட்டு விலகினார். 2018-ல் அந்தப் பெயரில் மெட்டல் கியர் சர்வைவ் என்ற கிளை வந்தது. காசு கொடுத்து வாங்கிய கேமில் இன்னொரு ஆட்டத்தைத் தனியே சேமித்து வைக்க வேண்டுமானால் மேலும் சுமார் 10 டாலர் கேட்டார்கள். பழைய ரசிகர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சமையல்காரர் மாறியதும் ஓட்டலுக்குக் கூட்டம் குறைவது நமக்குத் தெரியாததா?

நம் கடைக் கணக்கு

இவற்றையெல்லாம் நம் மேஜைக்குக் கொண்டு வருவோம். முதலில் கேமுக்கும் மளிகைக்கும் உள்ள பெரிய வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். கேம் வாங்குபவர் ஒரு பிரதி வாங்கினால் போதும், கம்பெனிக்கு முழு விலை வந்துவிடும். நம் வியாபாரம் அப்படி நடப்பதில்லை. ஒரே வீடு மாதா மாதம் வந்து அதே பொருளை எடுக்க வேண்டும். பழைய நினைவு ஒருவரை ஒரு முறை வாங்க வைக்கும். அடுத்த மாதமும் எடுக்க வைப்பது ருசியும் விலையும் தரமும்தான். எனவே முதல் வாரம் வேகமாகப் போனதைப் பார்த்து இரண்டாவது ஆர்டரை இரட்டிப்பாக்கக் கூடாது. முதல் வாரக் கணக்கு பெயரின் கணக்கு. சரக்கின் கணக்கு இரண்டாம் மாதத்தில்தான் தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ.10 விலையுள்ள பொருள், நமக்கு அடக்கம் ரூ.8.80, லாபம் ரூ.1.20 என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 48. நாற்பத்தெட்டும் விற்றால் லாபம் ரூ.57.60. ஆறு பாக்கெட் மட்டும் தேதி முடிந்து நின்றுவிட்டால், விற்ற 42-ல் வந்த லாபம் ரூ.50.40, நின்ற ஆறில் போன முதல் ரூ.52.80. லாபம் முழுதும் போய், கையிலிருந்தும் ரூ.2.40 போகிறது. எட்டில் ஒரு பங்கு தேங்கினால் மொத்த உழைப்பும் வீண். "பெரும்பாலும் போயிடும் அண்ணாச்சி" என்ற பேச்சில் அந்தப் 'பெரும்பாலும்' எவ்வளவு என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

நம் நாட்டிலேயே பழைய பெயர் திரும்பி வந்த கதை ஒன்று கண்முன் இருக்கிறது. 1977-ல் கோக-கோலா இந்தியாவை விட்டுப் போனபின் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த காம்பா கோலா, பிறகு மங்கிப்போனது. 2022-ல் அந்தப் பெயரை ரிலையன்ஸ் வாங்கி, 2023 மார்ச்சில் மறுபடியும் சந்தைக்குக் கொண்டு வந்தது. பெயரைச் சொன்னதும் நம் வயதுக்காரர்கள் புன்னகைத்தார்கள். ஆனால் குளிர்பானம் அதிகம் குடிப்பவர்கள் இளைஞர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் புதிது. சின்ன பாட்டிலை ரூ.10-க்குக் கொடுத்ததுதான் அவர்களை எடுத்துப் பார்க்க வைத்தது. ஆகவே பழைய பெயர் ஒன்று வந்தால், அந்த நினைவு நம் கடைக்கு வரும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு நினைவிருப்பதால் ஊருக்கே நினைவிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆர்டர் புத்தகத்தில் எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால், இந்த விலைக்கு இந்தச் சரக்கை நாமே நம் வீட்டுக்கு வாங்குவோமா? ஒரு பாக்கெட்டைப் பிரித்து வீட்டில் சமைத்துப் பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

2. பழைய சரக்கைச் செய்த அதே கை, அதே ஆலை, அதே பக்குவம்தானா? பெயர் மட்டும் கைமாறியிருக்கிறதா? பாக்கெட்டின் பின்புறத்தில் தயாரிப்பாளர் முகவரியைப் படித்தாலே பாதி விடை கிடைக்கும்.

3. இது எதற்காக இப்போது வருகிறது? சரக்கு தயாரானதால் வருகிறதா, தீபாவளிக்குள் வர வேண்டும் என்று வருகிறதா?

4. வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்டது இதையா? ஒருவரும் கேட்காத கிளையை அலமாரியில் வைத்தால், கேட்ட சரக்குக்கு இடம் இல்லாமல் போகும்.

5. விற்காததைத் திருப்பி எடுப்பார்களா? எத்தனை நாளுக்குள்? போக்குவரத்துச் செலவு யாருடையது? இதை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லிலோ தனிக் கடிதத்திலோ எழுதி வாங்க வேண்டும். அன்று நியூயார்க்கில் நின்டெண்டோ கொடுத்த வாக்கை, தன் சரக்கை நம்பும் எந்தக் கம்பெனியும் கொடுக்கலாம். மறுக்கிறார்கள் என்றால் அவர்களே நம்பாததை நாம் ஏன் நம்ப வேண்டும்?

6. முதல் ஆர்டர் ஒரு பெட்டி. யார் வாங்கினார்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்து, அடுத்த மாதம் அதே வீடுகளிலிருந்து எத்தனை பேர் மறுபடியும் கேட்கிறார்கள் என்று பார்த்து இரண்டாவது ஆர்டர்.

ஏழாவதாக ஒன்று, மொத்த வியாபாரம் செய்யும் நமக்கே உரியது. கம்பெனி நம் தலையில் கட்டிய ஸ்கீமை அப்படியே சில்லறைக் கடைக்காரர் தலையில் கட்டுவது எளிது. 1983-ல் அமெரிக்காவில் நடந்தது அதுதான். சரக்கு கம்பெனிக் கிடங்கிலிருந்து மொத்தக் கிடங்குக்கும், அங்கிருந்து கடைக்கும் நகர்ந்ததை விற்பனை என்று கணக்கெழுதிக்கொண்டார்கள். கடைக்கு வந்தவர் வாங்கிப் போய்ப் பயன்படுத்தி, மறுபடியும் கேட்டு வரும் வரை அது விற்பனை ஆகாது. நம்மிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரர் நொடித்துப்போனால், நம் பேரேட்டில் இருக்கும் அவருடைய பாக்கியும் சேர்ந்தே போகும்.

கம்பெனிக்குப் பெயர்கள் பல. ஒன்று கெட்டால் விலக்கிவிட்டு வேறொன்றைத் தூசி தட்டி எடுக்கும். நமக்கு இருப்பது கடையின் பெயர் ஒன்றுதான். அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் வாங்கிப் போகிறவர், "உங்க கடையில வாங்கினேன் அண்ணாச்சி" என்றுதான் சொல்வார். சரக்கு நன்றாக இருந்தால் கம்பெனியைப் புகழ்வார், கெட்டிருந்தால் நம்மிடம் வருவார். எனவே பத்துப் பெட்டி என்ற இடத்தில் ஒரு பெட்டி என்று எழுதச் சொல்வதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. அந்தச் சரக்கு உண்மையில் நல்லதானால், மீதி ஒன்பதையும் அடுத்த மாதம் வாடிக்கையாளர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.